768 புள்ளி உயரத்துக்குள் ஈமெயில்: சிறிய லெப்டொப்புக்கு மென்பொருள் தேர்வும் அமைப்பும்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லெப்டொப்புகளை எடுத்துப் பாருங்கள். 11.6 அங்குலமோ 15.6 அங்குலமோ, திரை பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள்தான். படம் பார்க்க அது போதும். எக்செல்லைக்கூடச் சமாளித்துவிடலாம். ஈமெயில் மென்பொருளைத் திறந்தால்தான் நெரிசல் தொடங்குகிறது. இடது பக்கம் போல்டர்கள், வலது பக்கம் மேலே கடிதப் பட்டியல், அதற்குக் கீழே கடிதம், எல்லாவற்றுக்கும் மேல் இரண்டு மூன்று அடுக்குப் பட்டன்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது என்று திறந்தால் அனுப்பியவர் பெயர் தெரியும், தலைப்புத் தெரியும். விஷயம் நாலைந்து வரிதான் தெரியும்.

காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா (அண்ணன்) தன் லெப்டொப்பைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, இதவிட போன்லயே பெரிசாத் தெரியுதே, அது எப்படி?" கேள்வி சரியானதுதான். போன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டுகிறது. முதலில் பட்டியல், தொட்டால் கடிதம் மட்டும், பின்னால் போனால் மறுபடி பட்டியல். லெப்டொப் மென்பொருள்களோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டப் பார்க்கின்றன. பெரிய மொனிட்டர் இருந்த மேசைகளுக்காக வந்த அமைப்பு அது.

ஆகவே சிறிய திரைக்கு மென்பொருள் தேடும்போது கலண்டர் இருக்கிறதா, நிறம் மாற்றலாமா என்பதெல்லாம் பிறகு. முதலில் இரண்டு கேள்விகள். தேவையில்லாததை மூடி வைக்க விடுகிறதா? கடிதத்தைத் தனியாக, முழுத் திரையில் திறக்க விடுகிறதா? இந்த இரண்டுக்கும் 'ஆம்' வராத மென்பொருளை எவ்வளவு புகழ்ந்து சொன்னாலும் விட்டுவிடலாம்.

படி 1: திரையில் உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது?

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போங்கள். அங்கே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ரெசொலூஷன் (திரையின் புள்ளிக் கணக்கு), மற்றது ஸ்கேல் (எழுத்தையும் பட்டனையும் எத்தனை சதவீதத்தில் காட்டுவது என்பது). பலர் முதலாவதை மட்டும் பார்ப்பார்கள். நமக்கு இரண்டும் வேண்டும். ரெசொலூஷனை ஸ்கேலால் வகுத்தால் வருவதுதான் மென்பொருளுக்குக் கிடைக்கும் உண்மையான இடம்.

1366 × 768 திரை 100 சதவீதத்தில் இருந்தால் முழு இடமும் கிடைக்கும். கண்ணுக்குக் கஷ்டம் என்று 125 சதவீதம் வைத்திருந்தால் அது சுமார் 1093 × 614 ஆகிவிடும். இப்போது புதிய லெப்டொப் வாங்கியவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். 14 அங்குல, 1920 × 1080 திரை பெரும்பாலும் 150 சதவீத ஸ்கேலோடுதான் வரும். வகுத்துப் பாருங்கள்: 1280 × 720. அதாவது, 'ஃபுல் எச்டி' என்று பெட்டியில் போட்ட புது மெஷினில் ஈமெயிலுக்குக் கிடைக்கும் இடம் பழைய 1366 × 768 மெஷினைவிடக் குறைவு. எழுத்து கூர்மையாக இருக்கும், அவ்வளவுதான். 'எனக்கு இந்தப் பிரச்சினை இல்லை' என்று நினைத்தவர்கள் பலரும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள்.

வந்த உயரத்திலிருந்து, திரையின் அடியில் நிற்கும் டாஸ்க்பாரைக் கழியுங்கள்: விண்டோஸ் 11இல் 48, விண்டோஸ் 10இல் 40. அகலத்தில் பெரிய பிரச்சினை இல்லை. இன்றைய திரைகள் எல்லாம் அகலமானவை, தட்டுப்பாடு உயரத்தில்தான். டாஸ்க்பார் செட்டிங்ஸில் தானாக மறையும் தெரிவைப் போட்டுவிட்டால் அந்த 48 புள்ளியும் திரும்பக் கிடைக்கும். இரண்டு கடித வரிக்கான இடம் அது, செலவே இல்லாமல்.

சரி, ஸ்கேலை 100க்குக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆங்கிலம் மட்டும் வாசிப்பவருக்கு அது சரிப்படலாம். தமிழ் வாசிப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எழுத்து சிறிதானால் கி எது, கீ எது என்று பிரியாது. ன, ண இரண்டும் ஒன்றாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். ஸ்கேலை அப்படியே விட்டு, மென்பொருளுக்குள் இடம் பிடிப்பதுதான் நல்ல வழி.

கணக்கின் முடிவில் உயரம் 700க்கு மேல் வந்தால் உங்களுக்குத் தெரிவுகள் உண்டு. 600 பக்கம் வந்தால் 'ஒரு நேரத்தில் ஒன்று' என்ற முறை தவிர வேறு வழியில்லை. 1024 × 600 திரையுள்ள பழைய நெட்புக்குகளும் இரண்டாவது வகைதான்.

படி 2: மென்பொருள் உண்மையிலேயே தேவையா?

ஒரே ஒரு ஜிமெயில் கணக்கு, வீட்டில் எப்போதும் இணையம், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கடிதம். இவ்வளவுதான் என்றால் எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் பிரௌசரில் சாதாரணமாகத் திறக்காதீர்கள். டேப் வரிசையும் முகவரிப் பட்டையும் சேர்ந்து உயரத்தைத் தின்றுவிடும். எட்ஜிலும் குரோமிலும் ஒரு தளத்தை ஆப் ஆக நிறுவும் தெரிவு மெனுவுக்குள் இருக்கிறது. அதைச் செய்தால் ஜிமெயில் தனி விண்டோவில், டேப் இல்லாமல் திறக்கும். அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸில் டென்சிட்டியை (வரிகளின் நெருக்கத்தை) 'கொம்பக்ட்' ஆக்குங்கள். வலது ஓரத்தில் கலண்டர், கீப் ஐகன்கள் நிற்கும் பட்டையை மூடுங்கள். இடது மெனுவையும் மூன்று கோட்டு ஐகனால் சுருக்குங்கள். இணையம் விட்டுவிட்டு வரும் இடமென்றால் குரோமில் ஜிமெயிலின் ஆஃப்லைன் வசதியையும் போட்டுக்கொள்ளலாம். 7, 30 அல்லது 90 நாள் கடிதங்களைக் கையில் வைத்திருக்கும்.

தனி மென்பொருள் வேண்டியது இப்படிப்பட்டவர்களுக்கு: அலுவலகக் கணக்கு ஒன்று, சொந்த ஜிமெயில் ஒன்று, சங்கத்துக் கணக்கு ஒன்று என்று இரண்டு மூன்றை ஒன்றாகப் பார்ப்பவர்கள், வந்த கடிதம் எல்லாம் தன் மெஷினில் ஒரு பிரதியாக இருக்க வேண்டும் என்பவர்கள், கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், ஆனால் பட்டரியில் வேலை தொடர வேண்டும் என்பவர்கள், உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகும் வழியில், சிக்னல் விட்டுவிட்டு வரும் காட்டுப் பகுதியில் இருந்து பதில் எழுதி முடிப்பவர்கள்.

படி 3: எது பொருந்தும்?

இதுவரை லெப்டொப்பில் வந்ததையே பாவித்துக்கொண்டிருந்தால், முதலில் இரண்டைத் தள்ளிவைக்கலாம். விண்டோஸ் லைவ் மெயிலுக்கான ஆதரவு 2017 ஜனவரியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10இல் இருந்த 'மெயில்' ஆப்பின் ஆதரவும் 2024 டிசம்பர் 31உடன் போய்விட்டது. இரண்டாவதை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. சிறிய திரைக்கு அது நன்றாகவே இருந்தது.

அதன் இடத்துக்கு மைக்ரோசொஃப்ட் கொடுப்பது புதிய அவுட்லுக். வியூ மெனுவில் டென்சிட்டியை 'கொம்பக்ட்' ஆக்கலாம், கடிதத்தைக் காட்டும் பகுதியான ரீடிங் பேனை மறைக்கலாம். நம் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் 'ஆம்'. ஆனால் இலவசமாகப் பாவித்தால் பட்டியலுக்கு மேலேயே விளம்பரம் வந்து உட்காரும், ஏற்கெனவே இடமில்லாத திரையில். இன்னொரு விஷயம்: ஜிமெயில் போன்ற வெளிக் கணக்கைச் சேர்த்தால், கடிதங்கள் மைக்ரோசொஃப்டின் சேவையகத்துக்கும் ஒத்திசைக்கப்படும். பலருக்கு அது பரவாயில்லை. அலுவலக இரகசியக் கடிதம் பார்ப்பவர் யோசிக்க வேண்டும்.

அலுவலகமே மைக்ரோசொஃப்ட் 365 கொடுத்து, அதில் பழைய அவுட்லுக் இருந்தால் அதை மாற்ற வேண்டாம், அமைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் + எஃப்1 அழுத்தினால் மேலுள்ள பெரிய பட்டன் பட்டை (ரிப்பன்) சுருங்கும். வியூ டேபில் மெசேஜ் ப்ரிவியூவை 'ஆஃப்' செய்யுங்கள், 'டைட்டர் ஸ்பேசிங்' தெரிவைப் போடுங்கள், போல்டர் பேனைச் சுருக்குங்கள். இந்த நாலும் சேர்ந்தால் பட்டியல் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும்.

ஈஎம் கிளையன்ட் பார்க்க அழகானது, அமைப்பையும் நன்றாக மாற்றலாம். ஆனால் இலவச உரிமம் இரண்டு கணக்குக்கு மட்டும், அதுவும் சொந்தப் பாவனைக்கு மட்டும். கடைக்கோ நிறுவனத்துக்கோ என்றால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மெயில்ஸ்பிரிங்கும் பட்டியலை மட்டும் காட்டும் முறையைக் கொடுக்கிறது; ஆனால் அது உள்ளுக்குள் ஒரு பிரௌசரைச் சுமந்துகொண்டு வருவது. 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் குரோமையும் திறந்து வைத்திருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மிகப் பழைய மெஷின் என்றால் கிளோஸ் மெயில் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், மிக இலேசானது. அதன் வியூ மெனுவில் லேஅவுட் என்று போனால் கடைசியில் 'ஸ்மோல் ஸ்கிரீன்' என்றே ஒரு தெரிவு உண்டு. போட்டால் போன் மாதிரியே போல்டர் பட்டியல் ஒரு முழுத் திரை, கடிதப் பட்டியல் ஒரு முழுத் திரை, கடிதம் ஒரு முழுத் திரை. நமக்கு வேண்டியதை அப்படியே யோசித்துச் செய்திருக்கிறார்கள். குறை என்ன? எழுதுவது வெறும் எழுத்தில் மட்டும். தடித்த எழுத்து, அட்டவணை எதுவும் போட முடியாது. வரும் கடிதங்களை அலங்காரத்தோடு பார்க்கத் தனி பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) வேண்டும். கூகுள் கணக்கை இணைப்பதும் சுற்று வழி: இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த மென்பொருளுக்கென்றே கூகுள் தரும் 'ஆப் பாஸ்வேர்ட்' எடுத்து, அதைக் கொடுப்பதுதான் இலகு. கொஞ்சம் தோண்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவருக்கு நல்லது; அப்பாவின் லெப்டொப்பில் போட்டுக் கொடுக்க உகந்தது அல்ல.

மற்ற எல்லாருக்கும் என் பதில் தண்டர்பேர்ட். இலவசம், கணக்கு எத்தனையும் சேர்க்கலாம், விளம்பரம் இல்லை, கடிதங்கள் உங்கள் மெஷினுக்கே வரும். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. 2023இல் வந்த 115ஆம் பதிப்பில் முகப்பை முழுக்கத் திருத்தினார்கள். நிறுவியதும் கிடைக்கும் தோற்றத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அது சிறிய திரைக்கு நல்லதல்ல. மாற்ற விடுகிறது என்பதுதான் அதன் பலம். (தண்டர்பேர்டிலிருந்தே பிரிந்து வந்த பெட்டர்பேர்டும் உண்டு. டேப்களைப் பக்கவாட்டில் அடுக்கலாம் என்பதால் உயரம் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். தண்டர்பேர்ட் பழகியபின் பார்க்கலாம்.)

மெஷினில் விண்டோஸ் 7 அல்லது 8.1 இருந்தால் தண்டர்பேர்டின் 115ஆம் பதிப்புத்தான் கடைசி. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட லெப்டொப்புக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் போடுவதைப் பற்றி யோசியுங்கள். தண்டர்பேர்ட் அதிலேயே வரும்.

படி 4: தண்டர்பேர்டைச் சிறிய திரைக்கு அமைத்தல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் ஆல்ட் விசையை ஒரு தரம் அழுத்துங்கள். மறைந்திருக்கும் மெனு பட்டை மேலே வரும். வேலை முடிந்ததும் தானே போய்விடும். அதை நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

வலது மேல் மூலையிலுள்ள மூன்று கோட்டு மெனுவில் டென்சிட்டி என்று மூன்று படிகள் இருக்கும். நெருக்கமான 'கொம்பக்ட்' படியைப் போடுங்கள். அதே இடத்தில் எழுத்தின் அளவும் இருக்கும். அதை ஒரு படி கூட்டினால்கூடப் பரவாயில்லை. வரி இடைவெளியில் மிச்சம் பிடித்ததை எழுத்துக்குக் கொடுப்பது நல்ல வியாபாரம்.

அடுத்தது வியூ, லேஅவுட். கிளாசிக், வைட், வெர்ட்டிக்கல் என்று மூன்று. முதல் இரண்டிலும் கடிதம் பட்டியலுக்குக் கீழே வரும், அதாவது தட்டுப்பாடான உயரத்தை இரண்டாக வெட்டும். அவை வேண்டாம். படி 1இல் உங்கள் கணக்கு 1366 × 700 பக்கம் வந்திருந்தால் வெர்ட்டிக்கல் வியூ போட்டுப் பாருங்கள். பட்டியல் இடப்பக்கம், கடிதம் வலப்பக்கம். கூடவே பட்டியலை 'கார்ட் வியூ' ஆக்குங்கள். ஒவ்வொரு கடிதமும் அனுப்பியவர் ஒரு வரி, தலைப்பு ஒரு வரி என்று அட்டையாக வரும், ஒடுங்கிய பத்திக்கு அதுதான் பொருந்தும். போல்டர் பேனை மட்டும் மூடிவிடுங்கள் (வியூ, லேஅவுட், போல்டர் பேன்). மூன்று பத்தியும் ஒன்றாக நின்றால் கடிதத்துக்கு மிஞ்சும் அகலம் பாதிதான்.

படி 1இல் இடம் அதைவிடக் குறைவாக வந்தவர்கள் எஃப்8 அழுத்துங்கள். கடிதப் பேன் மறைந்துவிடும், பட்டியல் மட்டும் திரை முழுக்க. கடிதத்தில் நின்று என்டர் அடித்தால் அது தனி டேபில் முழு அளவில் திறக்கும். கன்ட்ரோல் + டபிள்யூ அடித்தால் மூடும். உண்மையைச் சொன்னால், இடம் இருக்கிறவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். பட்டியலில் கீழே இறங்கும்போது கடிதங்கள் தாமாகத் திறந்து 'வாசித்தது' ஆகிவிடுவதில்லை. குப்பைக் கடிதத்தைத் திறக்காமலே அழிக்கலாம். கவுண்டருக்கு முன்னால் சனம் நிற்கும் அலுவலகத்தில் யாருடைய கடிதமும் தானாக விரிந்து நிற்காது.

இந்த முறையில் பட்டியலை 'டேபிள் வியூ'வில் வையுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு வரி. வலது ஓரத்திலுள்ள சின்ன ஐகனைத் தட்டி நிரல்களைக் குறையுங்கள். அனுப்பியவர், தலைப்பு, திகதி, இணைப்பு உண்டா என்ற குறி. இந்த நாலு போதும். தமிழ்த் தலைப்புகள் நீளம். 'ஆசிரியர் இடமாற்ற விண்ணப்பங்கள் கோரல் தொடர்பாக' என்று வரும்போது 'ஆசிரியர் இட…' என்று வெட்டுப்பட்டால் எந்தக் கடிதம் என்றே தெரியாது. தலைப்பு நிரலை இழுத்து அகலமாக்குங்கள், திகதியை ஒடுக்குங்கள்.

இடது ஓரத்தில் ஈமெயில், முகவரிப் புத்தகம், கலண்டர் ஐகன்கள் நிற்கும் ஸ்பேஸஸ் பட்டையை அதன் அடியிலுள்ள அம்பால் சுருக்குங்கள். பட்டியலுக்குள் தேடி வடிகட்டும் குவிக் ஃபில்டர் பட்டையை மூடுங்கள். தேவைப்படும்போது கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கே அடித்தால் வரும். ஸ்டேட்டஸ் பட்டையை வியூ, டூல்பார்ஸ் வழியாக எடுத்துவிடலாம்.

கடைசியாகக் கடிதத்தின் தலைப்பகுதி. இதைப் பெரும்பாலானவர்கள் தொடுவதே இல்லை, இடம் அதிகம் போவது இங்கேதான். ஒரு கடிதத்தைத் திறந்து, அதன் தலைப்பகுதியில் 'மோர்' பட்டனைத் தட்டி, 'கஸ்டமைஸ்' போங்கள். பட்டன்களை ஐகன் மட்டும் ஆக்குங்கள். 'லார்ஜ் சப்ஜெக்ட்' குறியை எடுங்கள். படத்தைக் காட்டும் தெரிவையும் எடுங்கள். 'லேபிள்களை மறை' என்பதைப் போடுங்கள். அனுப்பியவரின் முழு முகவரியைக் காட்டும் தெரிவை மட்டும் விட்டுவையுங்கள். வங்கியின் பெயரில் வரும் மோசடிக் கடிதத்தைப் பிடிக்க அந்த ஒரு வரி உதவும்.

கணக்கு இரண்டு மூன்று இருந்தால் வியூ, போல்டர்ஸ் என்பதில் 'யூனிஃபைட்' போடுங்கள். எல்லா இன்பொக்ஸும் ஒன்றாகச் சேரும். போல்டர் பேனை மூடியே வைத்திருக்க இதுதான் வழி. இல்லாவிட்டால் கணக்கு மாற அதைத் திறந்துகொண்டே இருப்பீர்கள்.

படி 5: தமிழும் சிங்களமும் சரியாகத் தெரிய

நம் பக்கம் ஒரே நாளில் மூன்று மொழியிலும் கடிதம் வரும். விண்டோஸ் 8இலிருந்து கிடைக்கும் நிர்மலா யூஐ எழுத்துரு தமிழ், சிங்களம் இரண்டையும் காட்டும். தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் எழுத்துருவுக்குப் பக்கத்தில் 'அட்வான்ஸ்ட்' இருக்கும். மேலே மொழியைத் தமிழ் ஆக்கி, எழுத்துருவும் அளவும் கொடுங்கள். சிங்களத்துக்கும் அதே மாதிரி. ஆங்கிலத்தைவிட ஒரு புள்ளி இரண்டு புள்ளி கூட்டி வைத்தால் கண் நோகாது. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் நல்ல தெரிவு. வாசிக்கும்போது மட்டும் பெரிதாக்க கன்ட்ரோலோடு கூட்டல் குறி.

பழைய ஆட்கள் பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பும் கடிதம் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். அது மென்பொருளின் கோளாறு அல்ல. எல்லா மெஷினிலும் ஒன்றுபோலத் தெரியும் யூனிகோட் முறை அல்ல பாமினி. எழுத்துரு தமிழ் முகம் காட்டுகிறதே தவிர உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். எந்த ஈமெயில் மென்பொருளுக்கு மாறினாலும் இது தீராது. யூனிகோட் மாற்றியில் ஒட்டி வாசியுங்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.

படி 6: கணக்கைச் சேர்க்கும்போது

பெயர், முகவரி கொடுத்ததும் தண்டர்பேர்ட் சேவையக விபரங்களைத் தானே கண்டுபிடிக்கும். கடிதங்களைப் பெற ஐமேப், பொப் என்று இரண்டு வழி. ஐமேப் சேவையகத்தோடு ஒத்துப்போகும், பொப் கடிதத்தை மெஷினுக்கு இறக்குவதோடு சரி. போனிலும் அதே கணக்கைப் பார்ப்பவர் ஐமேப் தான் எடுக்க வேண்டும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே வாசித்தால் அங்கேயும் வாசித்ததாகும். ஜிமெயில் என்றால் பிரௌசர் போல ஒரு விண்டோ திறந்து கூகுளே கடவுச்சொல்லைக் கேட்கும். பயப்பட வேண்டாம், அதுதான் சரியான முறை. வெறும் கடவுச்சொல்லை மென்பொருளுக்குக் கொடுக்கும் பழைய வழியைத் தனிப்பட்ட கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30இலும் மைக்ரோசொஃப்ட் 2024 செப்டெம்பர் 16இலும் மூடிவிட்டன. பழைய மென்பொருள் ஒன்று திடீரென்று 'பாஸ்வேர்ட் பிழை' என்று அடம்பிடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சேர்த்த உடனே, இன்பொக்ஸை வாசிக்கப் போவதற்கு முன், அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சின்க்ரனைசேஷன் அன்ட் ஸ்டோரேஜ்' திறவுங்கள். தண்டர்பேர்ட் இயல்பாகவே எல்லாக் கடிதத்தையும் இறக்கப் பார்க்கும். ஜிமெயிலின் இலவச இடம், டிரைவ், ஃபோட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. பல வருடக் கடிதம் வைத்திருப்பவர் 32 ஜிபி சேமிப்புள்ள மெஷினில் அப்படியே விட்டால் மெஷினும் நிரம்பும், டேட்டா பக்கேஜும் முடியும். அண்மைய 30 நாள் அல்லது 90 நாள் என்று வரம்பு போடுங்கள். பழையது தேவைப்பட்டால் இணையம் இருக்கும்போது திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜிமெயிலில் இன்னொரு வேலை. அதன் செட்டிங்ஸில் லேபிள்ஸ் பகுதிக்குப் போய், 'ஓல் மெயில்' என்பதற்கு எதிரே 'ஐமேப்பில் காட்டு' என்ற குறியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்பொக்ஸில் உள்ள கடிதம் ஓல் மெயிலிலும் இன்னொரு தரம் வந்து நிற்கும்.

மெஷின் மந்தமென்றால் செட்டிங்ஸ், ஜெனரலில் குளோபல் சர்ச் இன்டெக்சரை நிறுத்தலாம். எல்லாக் கணக்கிலும் ஒன்றாகத் தேடும் வசதி போகும். குவிக் ஃபில்டர் வேலை செய்யும்.

பயணத்துக்கு முதல் ஃபைல் மெனுவில் ஆஃப்லைன், 'டவுன்லோட் / சின்க் நவ்' கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். வழியில் எழுதிய பதில்கள் அவுட்பொக்ஸில் காத்திருக்கும், இணையம் வந்ததும் போகும்.

படி 7: எழுதும் விண்டோவும் திரைக்கு வெளியே போன பட்டனும்

எழுதும் விண்டோ தனிக் கதை. முகவரிகள், தலைப்பு, வடிவமைப்புப் பட்டன்கள், இணைப்புகள் எல்லாம் போக எழுத மிஞ்சுவது கையகலம். பக்கத்திலுள்ள முகவரிப் பட்டியலை எஃப்9 மூடும். வியூ, டூல்பார்ஸில் வடிவமைப்புப் பட்டையையும் எடுக்கலாம். பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்புபவர் முகவரிப் புத்தகத்தில் ஒரு பட்டியல் செய்துகொண்டால் மேலே ஒரு பெயர்தான் நிற்கும், பாதித் திரையை முகவரிகள் பிடிக்காது. எழுதி முடித்ததும் கன்ட்ரோல் + என்டர்.

சில செட்டிங்ஸ் விண்டோக்கள் திரையைவிட உயரமாகி, 'ஓகே' பட்டன் கீழே மறைந்துவிடும். விண்டோஸில் ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு எம் விசை, அப்புறம் மேல் அம்பு: விண்டோ மேலே நகரும். லினக்ஸ் மின்டில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவை எங்கே பிடித்தும் மவுஸால் இழுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் என்டர் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது ஓகேதான்.

பட்டன்களை மறைத்த பிறகு கைதான் வேலை செய்ய வேண்டும். இவற்றைப் பழகினால் போதும்: என் விசை அடுத்த வாசிக்காத கடிதம், எஃப் அடுத்தது, பி (B) முந்தியது, ஏ கடிதத்தை ஆவணப் போல்டருக்கு (ஆர்க்கைவ்) அனுப்பும், கன்ட்ரோல் + ஆர் பதில், கன்ட்ரோல் + என் புதுக் கடிதம். ஸ்பேஸ் விசை கடிதத்துக்குள் பக்கம் பக்கமாக இறங்கும், முடிந்ததும் அடுத்த வாசிக்காத கடிதத்துக்குப் போகும். காலையில் வந்த கடிதங்களை ஸ்பேஸ் ஒன்றாலேயே வாசித்து முடிக்கலாம்.

படி 8: பிரதி எடுத்து வைத்தல்

இவ்வளவும் அமைத்த பின் மெஷின் பழுதானால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டாம். ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபோமேஷன்' திறந்தால் ப்ரொஃபைல் போல்டர் எங்கே என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்தப் போல்டரை முழுதாக ஒரு வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். கடிதம், முகவரிப் புத்தகம், அமைப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். சேமித்த கடவுச்சொற்களும் அதற்குள்தான், ஆகவே கடையிலோ அலுவலகத்திலோ எல்லாரும் கைமாற்றும் பென் டிரைவில் அதைப் போட்டு வைக்காதீர்கள். பிரதி எடுக்குமுன் பெரிய போல்டர்களில் வலது கிளிக் செய்து 'கொம்பக்ட்' கொடுத்தால், அழித்த கடிதங்கள் இன்னும் பிடித்து வைத்திருக்கும் இடமும் விடுபடும், பிரதியும் சின்னதாகும்.